பத்து அமர்வில் உடம்பு நேராகிவிடுமா?

கழுத்து பிடித்துக்கொண்டால் எண்ணெய் தடவி உருவிவிடுவதும், கால் பிசகினால் சுளுக்கு எடுப்பவரிடம் போவதும் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று தனிப் பெயரே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஆரம்பித்து ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வலிக்கிற இடத்தில் பழகிய கை பட்டால் இதமாக இருக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

ஆனால் அமெரிக்காவில் பிறந்த ஒரு கைவேலை இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்கிறது. வலி குறைவது இரண்டாம்பட்சம். உடம்பின் அமைப்பையே மாற்றி நேராக்குகிறோம் என்கிறது. மொத்தம் பத்து அமர்வு. ஸ்ட்ரக்சுரல் இண்டக்ரேஷன் என்பது அதன் முழுப் பெயர். ரோல்ஃபிங் என்றால் நிறையப் பேருக்குத் தெரியும். இதைத் தேடிப் போகிறவர்களில் நடனக் கலைஞர்கள், பிலாட்டீஸ் செய்பவர்கள், யோகா செய்பவர்கள் நிறைய. மற்றவர்கள் வலி வந்தால் போவார்கள். இவர்கள் வலி இல்லாதபோதும் போவார்கள், உடம்பு இன்னும் நன்றாக வளையும் என்ற ஆசையில்.

அந்தக் கைகள் தரும் ஆறுதல் நிஜம். ஆனால் அமைப்பு மாறுகிறது என்ற வாக்குறுதிக்கு ஆதாரம் போதாது. ஆறுதலை ஆறுதலாக வாங்கினால் நஷ்டமில்லை. அமைப்பு மாற்றம் என்று நம்பி வாங்கினால் பணமும் போகலாம், சில சமயம் காலும் போகலாம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

யார் இந்த ஐடா ரோல்ஃப்?

ஐடா ரோல்ஃப் 1896-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1916-இல் பர்னார்ட் கல்லூரியில் பட்டம், 1920-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம். ஆய்வுக்கூடங்களில் பெண்கள் அபூர்வமாக இருந்த காலத்தில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஆகவே இவரை ஏதோ படிக்காத வைத்தியர் என்று ஒதுக்கிவிட முடியாது.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் நையாக் என்ற ஊரில் பியர் பெர்னார்ட் என்பவரிடம் யோகா கற்றார். எலும்புகளையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் ஆஸ்டியோபதியையும் கவனித்தார். இரண்டையும் குழைத்துத் தன் முறையை உருவாக்கினார். 1960-களில் கலிஃபோர்னியாவின் எசலன் மையத்துக்கு வந்து, உளச்சிகிச்சையாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் போன்றவர்களுக்குக் கை வைத்த பிறகுதான் பெயர் பரவியது. 1971-இல் கொலராடோவின் பௌல்டர் நகரில் இதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கியது. 1977-இல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. 1979-இல் இறந்தார்.

அவர் வைத்த பெயர் ஸ்ட்ரக்சுரல் இண்டக்ரேஷன். ரோல்ஃபிங் என்பது எசலனில் வந்து ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர். கடைசியில் செல்லப் பெயர்தான் நிலைத்தது. பின்னால் அதுவே பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியாகவும் ஆனது. இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய கோட்பாடு கேட்க எளிமையானது. தசைகளைச் சுற்றியும் தசைகளுக்கு இடையிலும் தசையுறை என்ற இணைப்புத் திசுப் படலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபேஷியா. ஆரஞ்சுச் சுளைகளைப் பிரிக்கும் வெள்ளைத் தோலை நினைத்துக்கொண்டால் புரியும். கூன் போட்டு உட்கார்வது, பழைய அடி, ஒரே பக்கம் பை தூக்குவது போன்ற பழக்கங்களால் இந்தப் படலம் சில இடங்களில் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது, உடம்பு கோணுகிறது, கோணிய உடம்பைப் புவியீர்ப்பு மேலும் கீழே இழுக்கிறது. விரலாலும் முட்டியாலும் முழங்கையாலும் மெதுவாக, ஆழமாக அழுத்தி அந்தப் படலத்தை நீட்டிவிட்டால் தலை, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒரே கோட்டில் வந்து நிற்கும். இதுதான் ரோல்ஃப் சொன்னது.

பத்து அமர்வுக்கும் ஒரு வரிசை உண்டு. முதல் அமர்வில் மார்புக்கூடும் மூச்சும். இரண்டாவதில் பாதமும் காலும். மூன்றாவதில் உடம்பின் பக்கவாட்டு. நான்கு முதல் ஏழு வரை உள்தொடை, வயிறு, முதுகு, கழுத்து, தலை என்று ஆழமான பகுதிகள். கடைசி மூன்றில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது. ஓர் அமர்வு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே போகும். முதல் அமர்வுக்கு முன்னும் கடைசி அமர்வுக்குப் பின்னும் புகைப்படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதும் இந்தத் தொழிலின் பழைய வழக்கம்.

ஏன் ஆடுபவர்கள் தேடிப் போகிறார்கள்?

முதல் காரணம், உடம்புதான் அவர்களுடைய கருவி. வீணைக்குத் தந்தி மாற்றலாம், கிரிக்கெட் மட்டையை மாற்றலாம், இடுப்பை மாற்ற முடியாது. இருக்கிற ஒன்றை எப்படியாவது சரியாக வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், அவர்களுடைய கூர்மையான உடலுணர்வு. சாதாரண ஆளுக்கு வலது தோள் ஒரு விரற்கடை ஏறியிருப்பது தெரியாது. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஆடுபவருக்குத் தெரியும். அமர்வு முடிந்து எழுந்து நிற்கும்போது உண்டாகும் சின்ன வித்தியாசமும் அவருக்குப் பெரிதாகத் தெரியும்.

மூன்றாவது காரணம் வரலாறு. பிலாட்டீஸின் கதையே இதற்கு உதாரணம். ஜோசஃப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டனில் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். 1926-இல் நியூயார்க் வந்து எட்டாவது அவென்யூவில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் வைத்தார். பக்கத்திலேயே நடனப் பயிற்சிக்கூடங்கள். நடன உலகின் பெரிய பெயர்களான ஜார்ஜ் பாலன்ஷீனும் மார்த்தா கிரஹாமும் அடிபட்ட தங்கள் கலைஞர்களை அவரிடம் அனுப்பினார்கள். 1940-களின் தொடக்கத்தில் கணுக்கால் காயத்தோடு பாலன்ஷீன் பள்ளியிலிருந்து வந்த ரொமானா கிரிசனோவ்ஸ்கா என்ற மாணவிதான் பிற்காலத்தில் அந்தக் கூடத்தையே பொறுப்பெடுத்து நடத்தினார். ஆக, அடிபட்டால் மருத்துவமனைக்கு முன்னால் உடம்பு தெரிந்த ஒருவரிடம் ஓடுவது நடனக்காரர்களிடம் பல பத்தாண்டுப் பழக்கம்.

நான்காவது காரணம்தான் கசப்பானது. பெரும்பாலான நடனக் கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை. மருத்துவர் "ஆறு வாரம் ஓய்வு" என்பார். கை வைப்பவர் "வாங்க, பார்த்துடலாம்" என்பார். அடுத்த வாரம் மேடை இருக்கும் ஒருவர் யார் பேச்சைக் கேட்பார்?

தசையுறை என்ன களிமண்ணா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வரலாம். கையால் அழுத்தினால் தசையுறை நீளுமா?

2008-இல் ஹன்ஸ் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். மூக்கின் மேலுள்ள மெல்லிய படலம் கை அழுத்தத்துக்கு ஓரளவு வளைந்து கொடுக்கும். ஆனால் தொடையின் வெளிப்புறத்தில் இருக்கும் தடித்த உறையையும் உள்ளங்கால் உறையையும் வெறும் 1 சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோ வேண்டும் என்றாலே, மனிதக் கை சாதாரணமாகக் கொடுக்கக்கூடிய விசையைவிட மிக அதிகம் தேவை என்று வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ரோல்ஃபிங் பயின்றவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் ஷ்லைப் அவர்களில் ஒருவர்.

இவர் 2003-லேயே வேறொரு விளக்கத்தை முன்வைத்திருந்தார். தசையுறை வெறும் பிளாஸ்டிக் உறை இல்லை. அதற்குள் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. மெதுவான, ஆழமான அழுத்தம் அந்த முனைகளைத் தூண்டுகிறது. மூளையும் தண்டுவடமும் அதைக் கேட்டுத் தசையின் விறைப்பைத் தளர்த்துகின்றன. சிகிச்சையாளரின் விரலுக்கடியில் ஏதோ "உருகுவது" போல் தெரிவது இதனால் இருக்கலாம் என்றார். அதாவது படலம் நீண்டதால் அல்ல, நரம்பு மண்டலம் பிடியைத் தளர்த்தியதால்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம், கடைசியில் இளகினால் சரிதானே என்று கேட்கலாம். பெரிய வித்தியாசம் இருக்கிறது. படலம் நிஜமாகவே நீண்டிருந்தால் அது தானாகத் திரும்பிச் சுருங்காது; பத்து அமர்வு, வேலை முடிந்தது. நரம்பு தளர்ந்ததுதான் காரணம் என்றால் அது மறுபடி இறுகும். நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பழைய நிலைக்கு வரும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்து புதிய அசைவைப் பழகிக்கொண்டால்தான் ஏதாவது நிலைக்கும். முதலாவது சொல்வது, உடம்பை மாற்றுபவர் சிகிச்சையாளர் என்று. இரண்டாவது சொல்வது, ஆடுபவரே மாற்றிக்கொள்ள வேண்டும், சிகிச்சையாளர் கதவை மட்டும் திறந்துவிடுகிறார் என்று.

எலும்புக்கு யாரும் கை வைக்க முடியாது

அமைப்பு என்று பேசினால் எலும்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். பாலேயில் டர்ன்அவுட் என்று ஒன்று உண்டு. இரண்டு கால்களையும் இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திருப்பி நிற்பது. பரதநாட்டியத்தில் அரைமண்டி உட்காரும்போது முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிய வேண்டும் என்று வாத்தியார் அதட்டுவதும் இதே சங்கதிதான்.

இது எவ்வளவு வரும் என்பதில் பெரும்பங்கு எலும்பின் கையில் இருக்கிறது. தொடையெலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடுப்புக் குழி எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் பொறுத்தது. அதற்கடுத்து மூட்டைச் சுற்றிய உறையும் தசைநார்களும். தசையும் தசையுறையும் அதற்கும் பின்னால்தான். வளர்ந்த ஒருவரின் தொடையெலும்பை எந்த முழங்கையும் திருப்ப முடியாது.

இடுப்பில் கிடைக்காத திருப்பத்தை ஆடுபவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்? முழங்காலை முறுக்கி, பாதத்தை உட்பக்கம் சாய்த்து எடுப்பார்கள். கண்ணாடியில் அழகாகத்தான் இருக்கும். முழங்கால் மட்டும் பின்னாளில் கணக்குக் கேட்கும். இப்படிப்பட்ட ஒருவருக்கு அமைப்பை மாற்றித் தருகிறோம் என்று சொல்வது ஆபத்தான நம்பிக்கை. அவருக்குத் தேவை, "உங்கள் இடுப்புக்கு இவ்வளவுதான் வரும், இதற்குள் அழகாக ஆடுங்கள்" என்று உண்மையைச் சொல்லும் ஒருவர். அதற்குத் தைரியமும் வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நடனத்துக்கும் யோகாவுக்கும் வருபவர்களில் பிறவியிலேயே மூட்டுகள் அதிகம் வளைபவர்கள் நிறைய. வளைவதால்தான் அவர்கள் அந்தத் துறையில் ஜொலிக்கிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் தளர்வு தேவையில்லை, பலம்தான் தேவை. ஆனால் அவர்களுக்குத் தசை இறுக்கமாகத்தான் தெரியும். ஆடும் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசை ஓயாமல் வேலை செய்கிறது, அதனால் இறுகுகிறது. அந்த இறுக்கத்தை மட்டும் அழுத்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு சுகமாக இருக்கும். மறுநாள் மூட்டைத் தாங்க யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் எல்லாம் பொய்யா?

இல்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

2015-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 46 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான புனர்வாழ்வுச் சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவுக்கு அதோடு பத்து அமர்வு ஸ்ட்ரக்சுரல் இண்டக்ரேஷன். அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் இருந்த சிரமம், கை வைக்கப்பட்ட பிரிவில் அதிகமாகக் குறைந்தது. வலியின் அளவிலும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அது தற்செயல் அல்ல என்று புள்ளியியல் முறைப்படி உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. 46 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. இருந்தாலும் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

அதே 2015-இல் ஆஸ்திரேலிய அரசு மருத்துவக் காப்பீட்டுச் சலுகைக்காக 17 இயற்கைச் சிகிச்சைகளை ஆராய்ந்த அறிக்கையை வெளியிட்டது. ரோல்ஃபிங், பிலாட்டீஸ், யோகா, மசாஜ் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. ரோல்ஃபிங் பலன் தருகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அறிக்கை. 2019 ஏப்ரல் 1 முதல் அந்த 17-இல் 16 சிகிச்சைகள் தனியார் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டன. தப்பித்தது மசாஜ் மட்டும். நீக்கப்பட்டவற்றில் பலவற்றைத் திரும்ப ஆராய்வதற்குப் பிறகு இன்னொரு குழுவும் போடப்பட்டது என்பது வேறு கதை.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். ஆதாரம் இல்லை என்பதும், பலன் இல்லை என்று நிரூபணமானது என்பதும் ஒன்றல்ல. ஆனால் காசு கேட்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும், காசு கொடுப்பவர் அல்ல.

அப்படியென்றால் போய்வந்தவர்கள் எல்லோரும் "எனக்கு நல்லாயிடுச்சு" என்கிறார்களே? உண்மையாகத்தான் சொல்கிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் சிகிச்சைக்குப் போவார். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான், யாரிடம் போயிருந்தாலும். அதோடு ஒரு மணி நேரம் முழுக் கவனத்தோடு ஒருவர் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது, எங்கே வலிக்கிறது என்று பொறுமையாகக் கேட்பது, இதெல்லாமே மருந்துதான். ஒத்திகையில் "வலிக்குதுன்னா வீட்டுக்குப் போ" என்று கேட்டுப் பழகியவருக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். அதைக் கேலி செய்ய எந்த நியாயமும் இல்லை.

கவலை எங்கே வருகிறது என்றால், வலி ஒரு தகவலாகவும் இருக்கும்போது. பாலே ஆடுபவர்களுக்குப் பாதத்தின் இரண்டாவது நீளெலும்பில் மயிரிழை விரிசல் வருவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். ஆரம்பத்தில் அது வெறும் கால்வலி மாதிரிதான் இருக்கும். அதை "இறுக்கம்" என்று நினைத்து வாரா வாரம் அழுத்திக்கொண்டு, இடையில் ஆடிக்கொண்டும் இருந்தால் விரிசல் முழு முறிவாகலாம். அமைப்பு மாறுகிறது என்ற நம்பிக்கை இங்கேதான் விலை கேட்கிறது. ஆறுதலுக்குப் போனவர் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போவார். மாற்றத்துக்குப் போனவர், "இன்னும் நான்கு அமர்வு பாக்கி இருக்கிறதே" என்று காத்திருப்பார்.

வணிகவியல் கண்ணாடியில்

பொருளாதாரத்தில் பொருட்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வாங்கும் முன்பே தரம் தெரிந்துவிடும் பொருள் ஒன்று, சேலை மாதிரி. பயன்படுத்திய பிறகு தெரியும் பொருள் இன்னொன்று, ஹோட்டல் சாப்பாடு மாதிரி. பயன்படுத்திய பிறகும் தெரியாத பொருள் மூன்றாவது. 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த மூன்றாவது வகையைப் பற்றி எழுதினார்கள். மெக்கானிக் பாகத்தை மாற்றினாரா, மாற்ற வேண்டிய அவசியம் இருந்ததா என்பது வண்டிக்காரருக்குக் கடைசி வரை தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

கையால் செய்யும் உடல் அமைப்பு வேலை இந்த மூன்றாவது வகையின் அச்சு அசல் உதாரணம். சுகமாக இருந்ததா என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். தசையுறை நீண்டதா என்பது தெரியாது. இப்படிப்பட்ட சந்தையில் விற்பவர் எதை வைத்துத் தன்னை வேறுபடுத்திக் காட்டுவார்? பெயரை வைத்து, சான்றிதழை வைத்து, படிப்படியான திட்டத்தை வைத்து.

பத்து அமர்வு என்ற கணக்கையே பாருங்கள். பத்து என்ற எண் நோயாளியின் உடம்பைப் பார்த்து வந்ததில்லை, முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. அமெரிக்க நகரங்களில் ஓர் அமர்வு நூறு டாலருக்கு மேல் என்பதால் மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். மூன்றாவதில் பலன் தெரியாவிட்டாலும், "ஆரம்பித்ததை முடித்துவிடலாம்" என்று தோன்றும். மூழ்கிய செலவு என்று பாடப்புத்தகத்தில் வரும் அத்தியாயம் இதுதான். போன காசு போனதுதான். அடுத்த காசைப் போடலாமா என்பதை மட்டும்தான் யோசிக்க வேண்டும். பத்தையும் முடித்தவர் பலன் இல்லை என்று ஒப்புக்கொள்வதும் கஷ்டம்.

பெயர் விஷயத்தில் பிலாட்டீஸும் யோகாவும் நல்ல பாடம் சொல்கின்றன. பிலாட்டீஸ் என்ற பெயர் எங்களுடையது, மற்றவர்கள் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2000 அக்டோபரில் நியூயார்க்கின் மத்திய நீதிமன்றம், பிலாட்டீஸ் என்பது ஓர் உடற்பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்று தீர்ப்பளித்தது. பிக்ரம் சௌத்ரி தன்னுடைய 26 ஆசனமும் 2 மூச்சுப் பயிற்சியும் கொண்ட வரிசைக்குக் காப்புரிமை கேட்டார். 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது ஒரு செயல்முறை, அதற்குக் காப்புரிமை கிடையாது என்றது.

ரோல்ஃபிங் என்ற சொல்லோ இன்றைக்கும் பதிவு பெற்ற குறிதான். அந்த நிறுவனத்தில் சான்றிதழ் வாங்கியவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். வேறு பள்ளியில் படித்தவர் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தாலும் ஸ்ட்ரக்சுரல் இண்டக்ரேஷன் என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். இதில் சட்டப்படி தவறு ஒன்றுமில்லை. பயிற்சித் தரத்துக்கு ஓர் உத்தரவாதம் என்றும் சொல்லலாம். ஆனால் வணிகக் குறி காப்பது பெயரை மட்டும்தான். பலனுக்கு அது உத்தரவாதம் இல்லை.

கேரளத்தில் வேறு ஏற்பாடு

ஆடுபவர்களின் உடம்பைக் கையாலும் காலாலும் பக்குவப்படுத்துவது அமெரிக்கக் கண்டுபிடிப்பு அல்ல. கேரளத்தில் களரிப் பயிற்சியிலும் கதகளியிலும் உழிச்சில் என்ற எண்ணெய் மசாஜ் நெடுங்காலமாக இருக்கிறது. 1930-இல் வள்ளத்தோள் நாராயண மேனனும் முகுந்த ராஜாவும் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் மழைக்காலம் வந்தால் கதகளி மாணவர்களுக்கு இது பயிற்சியின் ஒரு பகுதி. விடியலுக்கு முன்பே எழுந்து, எண்ணெய் தேய்த்து, உடற்பயிற்சி செய்து முடித்த பிறகு, மாணவன் தொடைகளை விரித்துத் தரையில் படுப்பான். ஆசிரியர் மேலே பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உருவுவார்.

இதை இனிப்பு தடவிச் சொல்ல வேண்டியதில்லை. சிறு பையன்களுக்கு அது வலிக்கும். இன்றைய மருத்துவ அறிவோடு பார்த்தால் வளரும் இடுப்பை அப்படி அழுத்துவது சரியா என்று கேட்கத்தான் வேண்டும். இதுவும் எலும்பை மாற்றாது.

கவனிக்க வேண்டியது ஏற்பாட்டை. அங்கே அமர்வுக்கு இவ்வளவு என்று மாணவன் தனியாகப் போய் வாங்குவதில்லை. பயிற்சி கொடுக்கும் இடமே அதையும் கொடுக்கிறது. காலையில் மிதிப்பவரும் பிற்பகலில் அடவு சொல்லித் தருபவரும் ஒரே கூட்டத்து ஆசிரியர்கள். இந்தப் பையனின் இடுப்புக்கு எவ்வளவு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டில் ஒரு பருவம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

மேற்கிலும் இந்த எண்ணம் வராமல் இல்லை. நியூயார்க்கில் 1989-இல் தொடங்கிய ஹார்க்னஸ் நடனக் காய மையம் நடனக் கலைஞர்களுக்கென்றே இயங்குகிறது. காயம் வருவதற்கு முன்பே இலவசமாக உடம்பைப் பரிசோதித்துச் சொல்கிறது. பிரிட்டனில் 2012-இல் தொடங்கிய தேசிய நடன மருத்துவ, அறிவியல் நிறுவனம் அரசு மருத்துவமனைகளிலேயே நடனக் காயங்களுக்கான மருத்துவம் கிடைக்க வழி செய்தது. இந்த மாதிரி இடங்கள் நூறு இருந்தால், வாக்குறுதிகளை நம்பி யாரும் ஆயிரம் டாலர் கட்ட வேண்டியிருக்காது. மருத்துவம் போகாத இடத்துக்குத்தான் வாக்குறுதி போகிறது.

ஆக, என்ன செய்யலாம்?

நடனமோ பிலாட்டீஸோ யோகாவோ செய்யும் ஒருவர் இந்த அமர்வுக்குப் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கையில் காசு இருந்து, சுகமாக இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

1. ஒரே இடத்தில் குத்தும் வலி, இரவில் வரும் வலி, வீக்கம், மரத்துப்போதல், ஆடும்போது ஏறிக்கொண்டே போகும் வலி இருந்தால் முதலில் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட். அதற்கப்புறம்தான் மற்றது.

2. பத்துக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். ஒன்றுக்குக் கட்டி, இரண்டு வாரம் கழித்து என்ன மிச்சம் என்று பார்க்கலாம்.

3. புகைப்படத்தை நம்ப வேண்டாம். மூச்சை இழுத்து நின்றாலே யாருடைய தோளும் நேராகும். அதற்குப் பதிலாக ஒரு அளவை முன்பே எழுதி வைக்கலாம்: எத்தனை நிமிடம் வலி இல்லாமல் ஆட முடிகிறது, எத்தனை முறை ஒற்றைக் காலில் குதிக்க முடிகிறது.

4. "உங்களுக்கு இது வேண்டாம், பலம் சேர்க்கும் பயிற்சி போதும்" என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா என்று சிகிச்சையாளரிடம் கேட்கலாம். இல்லவே இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

5. அமர்வுக்குப் பிறகு கிடைக்கும் தளர்வு சில நாள்தான். அந்த நாட்களில் மெதுவாக, பலம் சேர்க்கும் விதமாகப் பயிற்சி செய்தால் லாபம். அன்றைக்கே போய் இன்னும் ஒரு அங்குலம் அதிகமாக வளைத்துப் பார்த்தால் நஷ்டம்.

நடனப் பள்ளிகளுக்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. மேடை அலங்காரத்துக்கும் விளக்குக்கும் பட்ஜெட் போடுகிறீர்கள். அந்தப் பட்டியலில் ஒரு பிசியோதெரபிஸ்டின் பெயரையும், காயம்பட்டவருக்கு ஓய்வு நாள் கூலியையும் சேர்த்தால், உங்கள் கலைஞர்கள் வலியை மறைத்துக்கொண்டு ஆட வேண்டிய கட்டாயம் குறையும்.

ஐடா ரோல்ஃப் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார். புவியீர்ப்போடு மல்லுக்கட்டாமல் உடம்பு எப்படி நிற்க வேண்டும் என்பது அந்தக் கேள்வி. அதற்கு அவர் சொன்ன பதில் முழுதாக நிற்கவில்லை, ஆனாலும் அவரைப் பின்பற்றியவர்களிலேயே சிலர் அதைச் சோதித்துப் பார்த்து, அளந்து, வெளியிட்டிருக்கிறார்கள். அது மரியாதைக்குரிய காரியம். அவர்களே அளந்து பார்த்த பிறகு, காசு கொடுக்கும் ஆட்டக்காரர் மட்டும் அளக்காமல் நம்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.